களரியில் வலப்பக்கம் எது? எங்கட அரங்கச் சொற்கள் வந்த வழி

ஏ/எல்லுக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்த ஆக்களுக்கு அந்தப் படம் மறக்காது. ஒரு செவ்வகம் கீறி அதை ஒன்பதாகப் பிரிக்க வேண்டும். பார்வையாளருக்குக் கிட்ட இருக்கிற வரிசை கீழ்மேடை. பின்திரைக்குக் கிட்ட இருப்பது மேல்மேடை. இரண்டுக்கும் நடுவில் நடுமேடை. வலம், இடம் என்று சொல்வது பார்வையாளரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நடிகரின் வலமும் இடமும். மாறி எழுதினால் புள்ளி போகும். கம்பஸுக்கு வந்தாலும் முதலாம் வருடத்தில் திரும்ப இதே படத்தைத்தான் கீறுகிறோம்.

படத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஒத்திகையில் 'கீழ்வலத்துக்கு வா' என்று நெறியாளர் சொன்னால் எல்லாருக்கும் ஒரே இடம் விளங்குகிறது. கலைச்சொல் எதுக்கெண்டால் அதுக்குத்தான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நடிகரைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருந்தால் கீழ்வலம் எங்கே? மட்டக்களப்பில் வட்டக்களரியில் ஆடுகிற கூத்தர் ஒருவரிடம் 'மேல்மேடைக்குப் போங்கோ' என்று சொன்னால் அவர் எந்தப் பக்கம் போவார்?

அவருக்குப் போக இடமில்லை. மேல், கீழ், வலம், இடம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வடிவ மேடையில், சனம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிற மேடையில் பிறந்த சொற்கள். அரங்கச் சொல் ஒவ்வொன்றும் சனம் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நாங்கள் பாடமாக்கிற சொற்கள் எங்கிருந்து வந்தன, அவை வரமுதல் எங்களிட்ட என்ன சொற்கள் இருந்தன, இரண்டும் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சரிந்த மேடை

தட்டையான மேடையில் பின்பக்கம் எப்படி 'மேல்' ஆனது? இதற்குப் பதில் இத்தாலியில் இருக்கிறது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் அங்கே அரசர்களும் பிரபுக்களும் கட்டுவித்த அரங்குகளில், தூரத்தைக் காட்டும் ஓவிய முறையில் தீட்டிய காட்சிகளை மேடையில் வைத்தார்கள். வீதி ஒன்று தூரத்தில் போய் மறைவதுபோலத் தெரிய வேண்டும். அதற்காக மேடைத் தளத்தையே பின்பக்கம் உயர்த்திச் சரிவாகக் கட்டினார்கள். அந்த மேடையில் பின்னுக்குப் போகிற நடிகர் உண்மையாகவே மேலே ஏறினார், முன்னுக்கு வந்தவர் கீழே இறங்கினார். பிற்காலத்தில் பெரும்பாலான இடங்களில் தளம் தட்டையாகிவிட்டது. சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மேடையின் முன்பக்கத்தில் சட்டம் போன்ற ஒரு வளைவும் இத்தாலியில்தான் நிலைபெற்றது. பார்மா நகரில் 1618இல் கட்டத் தொடங்கிய பார்னேசே அரங்கில் அதை இன்றைக்கும் பார்க்கலாம். தமிழில் இதற்கு வைத்த பெயர் படச்சட்ட மேடை. நல்ல பெயர் என்றுதான் சொல்லவேண்டும். சுவரில் மாட்டிய படத்தை முன்னால் நின்றுதான் பார்க்கலாம், பக்கத்தில் நின்று பார்க்க ஏலாது.

சட்டம் வந்த பிறகு அதற்குத் தேவையான மற்றச் சொற்களும் கருவிகளும் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்தில் நிற்கிற நடிகரை மறைக்கப் பக்கத்திரை வேண்டும். காட்சி மாறுவதை மறைக்க முன்திரை வேண்டும். 1758இல் பிரெஞ்சு எழுத்தாளர் தீதெரோ, மேடைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்து நடியுங்கள் என்று எழுதினார். நாங்கள் 'நான்காவது சுவர்' என்று படிப்பதன் வேர் அது. 1876இல் ஜேர்மனியின் பைரோயித் நகரில் வாக்னர் தன்னுடைய அரங்கைத் திறந்தபோது சபைப் பக்க விளக்குகளை இருட்டாக்கினார். அந்தப் பழக்கம் பிறகு எங்கும் பரவியது. பார்ப்பவர் இருட்டிலும் நடிப்பவர் வெளிச்சத்திலும் இருக்கும் ஏற்பாடு இப்படி ஆறுதலாக, முந்நூறு வருடத்துக்குக் கிட்டவாக உருவானது. எங்கட நோட்ஸில் அது ஒரு பக்கப் படமாக நிற்பதால், அரங்கு என்றால் எப்பவும் இப்பிடித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

களரிக்குள்ள ஒரு முழுத் தொழில்நுட்பம்

இனி மட்டக்களப்புப் பக்கம் வருவோம். கூத்துக்கு வட்டமாக மண் போட்டு உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டிய இடம் களரி. சனம் சுற்றிவர இருக்கும். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கும் தீப்பந்தமும் வெளிச்சம் தந்தன, பிறகு பெற்றோமக்ஸ் வந்தது. சில மணித்தியாலத்தில் முடிகிற விசயம் இல்லை, இரவிரவாக நடக்கும்.

'கூத்தில் மேடையமைப்பு இல்லை, ஒளியமைப்பு இல்லை, எல்லாம் எளிமையானது' என்று விடை எழுதுகிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. படச்சட்ட மேடையின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். களரியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஒரு பிரச்சினைக்குத் தீர்வாக நிற்பது தெரியும்.

உடுப்பை எடுங்கள். வடமோடியில் அரச பாத்திரங்கள் அணிவது கரப்பு உடுப்பு. ஆழமில்லாத தண்ணியில் மீன் பிடிக்கிற கூடைக்கும் கரப்பு என்றுதான் பெயர். அந்தக் கூடையைப் போல இடுப்பிலிருந்து விரிந்து நிற்பதால் உடுப்புக்கும் அந்தப் பெயர். சுற்றிவர எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அது ஒரே வடிவம்தான். முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாட்டை உடுப்பே குறைத்துவிடுகிறது. நாலு பக்கமும் சனம் இருக்கிற அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான வேட உடை எது?

ஆட்டத்தை எடுங்கள். வீசாணம், எட்டு, பொடியடி, குத்துமிதி என்று ஆட்டக் கோலங்களுக்கு அண்ணாவிமார் பெயர் வைத்திருக்கிறார்கள். 'எட்டுப் போடுறது' என்றால் எட்டு என்ற எழுத்தின் வடிவத்தில் ஆடிப் போய் வருவது. அப்படி ஆடுகிறவர் வட்டத்தின் எல்லாப் பக்கத்துக்கும் ஒரு தடவையாவது முகம் காட்டிவிடுவார். நெறியாளர்கள் மேடையில் நடிகரின் அசைவை ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று படிக்கிறோம். களரியில் அந்த வேலை ஆட்டக் கோலத்துக்குள்ளேயே இருக்கிறது.

வரவை எடுங்கள். களரியில் நடிகரை மறைத்து வைக்கப் பக்கத்திரை கிடையாது. ஆகவே உள்ளே வருவதே ஒரு நிகழ்வாகிறது. கட்டியகாரன் வந்து அரசர் வரப்போவதை அறிவிக்கிறான். பாத்திரம் தனக்குரிய வரவுத் தாளக்கட்டோடும் பாட்டோடும் வருகிறது. அரசனா, முனிவரா, பெண்ணா, வேடனா என்பதை அந்தத் தாளக்கட்டே சொல்லிவிடும். கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவருக்கும் காதால் விளங்கும்.

அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்கிறார். பக்கத்தில் சல்லரி, பிற்பாட்டுக்காரர், ஏடு பார்க்கிறவர். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அண்ணாவியார். கூத்தர் வரியை மறந்தால் ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. படச்சட்ட மேடையில் நெறியாளர், இசையமைப்பாளர், மேடை முகாமையாளர் என்று பிரித்து வைத்திருக்கிற வேலையில் பெரும் பகுதியை இங்கே ஒருவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கச் செய்கிறார்.

ஒத்திகைக்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன. பாத்திரங்களைத் தீர்மானித்து ஆடுகிறவர்களிடம் பாட்டுப் பகுதியைக் கையளிப்பது சட்டம் கொடுத்தல். பழகுகிற காலத்தில் கிழமைக்கு ஒருக்கா ஊர் பார்க்க ஆடுவது கிழமைக்கூத்து. ஓரளவு தேறிய பிறகு சதங்கை அணிதல். தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். பிறகுதான் அரங்கேற்றம். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவதும் உண்டு. மாதக்கணக்கில் நடக்கிற இந்த வேலையில் ஊர் முழுக்க அரைகுறை நிலையிலேயே கூத்தைப் பார்த்து, குறை சொல்லி, திருத்துகிறது. படச்சட்ட மேடையில் ஒத்திகை ரகசியம். களரியில் ஒத்திகையும் சபைக்கு முன்னால்தான்.

முன்னால் திரை: அது அந்நியமா?

இந்த இடத்தில் ஒரு அவசர முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வட்டம் எங்கட, சட்டம் வெள்ளைக்காரன்ர என்று பிரிக்கத் தோன்றும். அது உண்மையில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு இருக்கிறது. 24 பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். போகவும் வரவும் இரண்டு வாசல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். எழினி என்றால் திரை. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுபடுவது, பொருமுக எழினி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சந்திப்பது, கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது என்று உரையை வைத்து விளங்கிக்கொள்கிறோம். தூண்களின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கு வைத்தது பற்றியும் அங்கே வருகிறது. நிழல் எங்கே விழும் என்று யோசித்த ஆளுக்கு ஒளியமைப்புத் தெரியாது என்று சொல்ல ஏலுமா?

ஆக, தமிழில் நீள்சதுர அரங்கும் இருந்திருக்கிறது, திரையும் இருந்திருக்கிறது. கோயில், அரசவை, ஊர் வெளி என்று இடத்துக்கு இடம் அரங்கின் வடிவம் வேறுபட்டது. எங்கட நாட்டிலேயே மலையகத்தின் காமன் கூத்துக்கு ஒற்றை மேடை போதாது, தோட்டமே அதன் அரங்கு. ஒரு வடிவம்தான் 'அரங்கு', மற்றதெல்லாம் 'நாட்டார் வடிவம்' என்ற தரவரிசை எப்ப வந்தது என்பதுதான் கேள்வி.

கொட்டகையும் சீனும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயைச் சேர்ந்த பார்சி நாடகக் கம்பனிகள் இந்தியா முழுக்கச் சுற்றின, கொழும்புக்கும் வந்தன. ஆங்கிலேயரின் படச்சட்ட மேடையை இந்தியப் பாட்டோடும் புராணக் கதையோடும் கலந்து அவர்கள் ஒரு புது வடிவத்தை உண்டாக்கியிருந்தார்கள். சிங்களத்தில் அதன் தாக்கத்தில் நூர்த்தி உருவானது. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபம் அந்தக் காலத்தின் அடையாளம். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் இதே மேடையில் வளர்ந்தன. அங்கிருந்து நடிகர்களும் குழுக்களும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்.

வந்த வடிவத்துக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர்களைப் பாருங்கள். கொட்டகைக் கூத்து. டிறாமா. சனம் புதிய கலைக்குப் பெயர் வைத்தபோது கதையை வைத்தோ நடிப்பை வைத்தோ வைக்கவில்லை, கட்டடத்தை வைத்து வைத்தது. கொட்டகை என்றால் சுற்றி அடைத்த இடம். அடைத்தால்தான் ரிக்கற் விற்கலாம். ரிக்கற் விற்றால் முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை. களரியைச் சுற்றி இருந்தவர்கள் ஊர்க்காரர். கொட்டகைக்குள் போனவர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள்.

சீன் என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. அரண்மனைச் சீன், தெருச் சீன், காட்டுச் சீன் என்று தீட்டிய திரைகளைத் தொங்கவிட்டார்கள். இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் கிரேக்கத்தில் ஸ்கேனே என்ற சொல்லில் நிற்கும். அதன் பொருள் கூடாரம், குடில். பழைய கிரேக்க அரங்கில் நடிகர்கள் உடுப்பு மாற்ற ஆடுகளத்துக்குப் பின்னால் கட்டிய குடிலுக்கு அந்தப் பெயர். கிரேக்கரும் ஒரு கொட்டிலின் பெயரைத்தான் அரங்கச் சொல்லாக்கினார்கள், எங்கட சனமும் கொட்டகையைத்தான் பெயராக்கினது. அவர்களின் தியட்ரோன் என்ற சொல்லுக்குப் பொருள் பார்க்கும் இடம். ஓர்கெஸ்ட்ரா ஆடும் இடம்.

இந்தப் புது மேடையை 'இறக்குமதி' என்று ஒதுக்கவும் ஏலாது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை ஊர் ஊராகச் சனம் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஹார்மோனியமும் சீனும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் அரிச்சந்திரனாக அவர் பாடியபோது அழுத சனத்துக்கு அது சொந்த நாடகம். இன்னொரு பக்கத்தில் கலையரசு க. சொர்ணலிங்கம். தமிழ்நாட்டின் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டவர். 1910களில் இலங்கை சுபோத விலாச சபாவை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர். படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆக்கள் மேடையேறுவது மரியாதைக்குறைவு என்று நினைத்த காலத்தில் அந்த நினைப்பை மாற்ற உழைத்தவர். அவர் எழுதிய 'ஈழத்தில் நாடகமும் நானும்' அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் வாசிக்க வேண்டிய புத்தகம்.

1962: களரி மேடைக்கு ஏறியது

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. சிங்கள நாடகமவை அடிப்படையாக வைத்து அவர் அதை உருவாக்கினார். நாடகம என்ற வடிவம் கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே, தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவில் வளர்ந்தது. பெயரே சொல்லும். மேடைக்குச் சிங்களத்தில் கரளிய என்று சொல்கிறார்கள். அது எங்கட களரிதான். அந்தச் சொல்லை அவர்கள் இன்றைக்கும் அன்றாடம் பாவிக்கிறார்கள். எங்கட பரீட்சைத் தாளில் மேடை என்று எழுதுகிறோம்.

மனமேயின் வெற்றி பேராதனையில் இருந்த தமிழ் ஆசிரியர்களையும் யோசிக்க வைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரை வைத்துத் தயாரிக்கத் தொடங்கினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், அதன் பிறகு இராவணேசன், வாலிவதை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் இந்தத் துறையின் பேராசிரியர்.

இரவிரவாக ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. நாலு பக்கம் பார்த்து ஆடியவர்கள் ஒரு பக்கம் பார்த்து ஆடினார்கள். நடுவில் நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். ஒளியமைப்பும் ஒப்பனையும் நகர மேடைக்கு ஏற்றபடி மாறின.

இதனால் கிடைத்தது சிறிய விசயமில்லை. கூத்தென்றால் படிக்காத ஆக்களின் பொழுதுபோக்கு என்று முகம் சுளித்த நகரத்து நடுத்தர வர்க்கம் கை தட்டியது. கூத்து பல்கலைக்கழகத்துக்குள் வந்தது, பாடத்திட்டத்துக்குள் வந்தது. இன்றைக்கு நாங்கள் இதைப் பற்றி எழுதுகிறோம் எண்டாலே அதற்கு அந்த முயற்சிதான் காரணம். ஆனால் இழந்ததையும் சொல்ல வேண்டும். சுற்றி இருந்த சனம் ஒரு பக்கத்துக்கு வந்தபோது எட்டின் தேவை குறைந்தது, கரப்பின் தர்க்கம் குறைந்தது. அண்ணாவியார் ஓரத்துக்குப் போனபோது அதிகாரம் நெறியாளரிடம் போனது. 'செம்மைப்படுத்திய கூத்து' என்று நாங்கள் எழுதும்போது, ஊரில் ஆடியது செம்மையில்லாதது என்ற அர்த்தமும் பின்னால் சேர்ந்து வருகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தரவரிசையே இருக்கிறது.

புதுத் தேவைகள், புதுச் சொற்கள்

களரி மேடையேறியதோடு கதை முடியவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடினார்கள். அந்தக் காலச் சூழலில் என். கே. ரகுநாதனின் கந்தன் கருணையை அம்பலத்தாடிகள் குழு கூத்து மரபை வைத்து ஆடியது. மௌனகுருவின் சங்காரம் வடமோடி ஆட்டத்தில் வர்க்கப் போராட்டத்தைப் பேசியது. புராண அரசருக்குரிய தாளக்கட்டு உழைக்கிற மனிதருக்கும் ஆனது. பழைய கருவியை வேறு வேலைக்குப் பாவிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை உண்டாக்கினார். உடற்பயிற்சி, குரற்பயிற்சி, களப்பயிற்சி என்று நாடகத்தை முறையாகப் பழக்கிய இடம் அது. நெறியாள்கை, காட்சிவிதானிப்பு, ஆற்றுகை, அளிக்கை, வேட உடை என்று நாங்கள் சாதாரணமாகப் பாவிக்கிற சொற்கள் இந்தத் தலைமுறையின் எழுத்திலும் வகுப்பிலும் ஊன்றின. தமிழ்நாட்டில் இயக்குநர் என்கிறவரை நாங்கள் நெறியாளர் என்கிறோம். இயக்குவது வேறு, நெறிப்படுத்துவது வேறு என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நிலைப்பாடு இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

1985இல் சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியரை க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குடாநாட்டின் பல இடங்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். யுத்தம் இறுகிக்கொண்டிருந்த காலம். போகிற இடமெல்லாம் திரையும் சட்டமும் கிடைக்காது. நடிகரின் உடலும் குழுவின் குரலும்தான் காட்சியமைப்பு. தேவை வந்தபோது சட்டத்தைக் கழற்றி வைக்க அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

களரியும் குற்றமற்ற இடமில்லை

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழைய களரிக்கே திரும்பிப் போவோம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். களரிக்கு மேலே வெள்ளை கட்டுவது பலகாலம் ஒரு குறிப்பிட்ட சாதியின் கடமையாக வைக்கப்பட்டிருந்தது. பறையை வைத்து ஆடுகிற பறைமேளக் கூத்து தனியாகவே ஒதுங்கி நின்றது. பெண் பாத்திரத்தை ஆண்தான் ஆடினார், பெண்கள் களரிக்கு வெளியில் இருந்து பார்த்தார்கள். 'ஊர் முழுக்கச் சேர்ந்து ஆடியது' என்று சொல்லும்போது, ஊருக்குள் யார், ஊருக்கு வெளியில் யார் என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் களரிக்குள்ளே நின்றே கேட்ட ஆக்கள் இருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினார்கள். கூத்தை மேடைக்குக் கொண்டுபோகாமல், களரியிலேயே வைத்து, சாதியும் பால்நிலையும் பற்றிப் பிரதியில் இருக்கிறதை ஊரோடு பேசி மாற்றுவதுதான் அந்த முயற்சி. அதே காலத்தில் பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரளிய தொடங்கியது. சிங்கள, தமிழ் நடிகர்கள் சேர்ந்து, கழற்றிப் பூட்டக்கூடிய கூடார அரங்கோடு ஊர் ஊராகப் போனார்கள். தமிழில் அதன் பெயர் மக்கள் களரி. சிங்களத்துக்குப் போன சொல் அந்த வழியாக எங்களிட்டத் திரும்பி வந்தது.

எங்களுக்கு இதில் என்ன வேலை?

ஒன்பது கட்டப் படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்தப் படம் தெரியாமல் மண்டப மேடையில் வேலை செய்ய ஏலாது. படச்சட்ட மேடையின் ஒளியமைப்பும் காட்சிவிதானிப்பும் கற்க வேண்டிய கலைகள்தான். நாங்கள் கேட்பது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு படமும் கீறுவோம் என்றுதான். ஒரு வட்டம். நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும். வரவு எந்தப் பக்கத்தால், எட்டு எப்படிப் போகும், ஏடு பார்க்கிறவர் எங்கே நிற்பார், வெளிச்சம் எந்தக் கம்பில் என்று அதில் குறிக்கலாம்.

ஏன் அவசரம் எண்டால், கரப்பு கட்டத் தெரிந்தவர்களும் வரவுத் தாளக்கட்டுகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களும் வயதுபோன ஆக்கள். யுத்தமும் இடப்பெயர்வும் சுனாமியும் கனக்க ஊர்களில் களரியைப் பல வருடம் வெறுமையாக்கின. ஒரு தலைமுறை ஆடாமல் விட்டால் பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கும், சொல் அகராதியில் இருக்கும். ஆனால் எந்த அடிக்குப் பிறகு எந்த அடி, எதற்காக அந்த அடி என்பது அங்கே இராது.

நாடகம் படிக்கிற நீங்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அண்ணாவியாரிடம் போய் 'கூத்தைப் பற்றிச் சொல்லுங்கோ' என்று கேட்காதையுங்கோ. அந்தக் கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். 'ஐயா, அரசன் வரவுக்கும் மந்திரி வரவுக்கும் தாளத்தில என்ன வித்தியாசம்? களரிக்குள்ள முதல் காலடி எந்தப் பக்கம் வைக்கிறது? மத்தளக்காரர் எங்க நிக்கிறது?' என்று கேளுங்கோ. தொழில் தெரிந்தவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கொப்பியில் எழுதுங்கோ, வட்டத்தைக் கீறிக் காட்டச் சொல்லுங்கோ, ஏலுமெண்டால் எழும்பி நாலு அடி ஆடியும் பாருங்கோ. பாடத்திட்டம் மாறுவதற்குக் காலம் எடுக்கும். உங்கட கொப்பியில் இரண்டாவது படத்தை இந்தக் கிழமையே கீறலாம்.